அமைச்சரவையை அமைத்தவர், அதில் அமராதவர்: சர் பிட்டி தியாகராயர்

வடசென்னையின் பெருமையைப் பேசப் புகுவோர் துறைமுகத்தையும், 1856ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் தொடர்வண்டி நிலையத்தையும் சொல்லி அவ்வளவில் நின்றுவிடுவது வழக்கம். கல்மண்டபத்தில் பேருந்தை விட்டிறங்கிச் சிறிது தொலைவு சென்றால் பழைய வண்ணாரப்பேட்டை வந்துவிடும். அங்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 1950 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. 2021 பிப்ரவரி முதல் அதன் பெயராலேயே ஒரு மெட்ரோ நிலையமும் இருக்கிறது. நாள்தோறும் பலர் அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குகின்றனர். அப்பெயருக்குரிய பெரியார், சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவை அமைந்தபோது அதன் தலைமைப் பதவி தம் வாயிலுக்கே வந்தும் வேண்டா என்று மறுத்தவர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? வெள்ளுடை வேந்தர் என்று மக்களால் போற்றப்பெற்ற சர் பிட்டி தியாகராயரின் வாழ்வை, அந்த ஒரு மறுப்பை நடுவாக வைத்து ஈண்டு நோக்குவோம். அவர் யாரையெல்லாம் அமைச்சராக்கினார், யாரை விட்டுவிட்டார், அதனால் விளைந்தது என்ன என்பவை இன்றைய மாணவர்களும் அறியத்தக்கவை.

தியாகராயர் 1852 ஏப்ரல் 27ஆம் நாள் ஏகாத்தூரில் பிறந்தார். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபினர், தாய்மொழி தெலுங்கு. மாநிலக் கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆங்கிலக் கல்வி பெற்ற அக்கால இளைஞர் பெரும்பாலும் அரசுப் பணியையோ வழக்கறிஞர் தொழிலையோ நாடிச் செல்ல, இவர் தறியை விட்டு அகலவில்லை. வண்ணாரப்பேட்டை என்னும் பெயரே துணியோடு பிறந்த பெயரன்றோ! கிழக்கிந்தியக் கும்பினியார் கடல் கடந்து ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர் வாழ்ந்த இடம் அது. அப்பகுதியில் நூறு தறிகள் கொண்ட நெசவாலையை நடத்தியவர் தியாகராயர். 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை தோன்றியபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராய் விளங்கிப் பின் பத்தாண்டுக்கு மேல் அதன் தலைவராகவும் இருந்தார். துறைமுகத்தை ஐரோப்பிய வணிகரே ஆண்ட காலத்தில், இந்திய வணிகர்க்கென ஓர் அவை அமைவது எளிய செய்தியன்று.

வேட்டி, அங்கி, தலைப்பாகை யாவும் வெண்மை. ஆங்கில ஆட்சியின் உயர்ந்த சிறப்புகளைப் பெற்று சர் பட்டம் ஏற்ற பின்னும் அவ்வுடை மாறவில்லை. அவரை எதிர்த்த கட்சியினரும் இந்த ஒன்றில் அவரைக் குறை கூறியதில்லை.

சென்னை நகராண்மைக் கழகத்தில் அவர் 1882ஆம் ஆண்டளவில் உறுப்பினராகப் புகுந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வவையில் பணியாற்றினார். அரசு அலுவலர் அல்லாதவர்களுள் அதன் தலைவராக அமர்ந்த முதல்வர் அவரே. தெரு விளக்கு, குடிநீர், சாக்கடை, தொடக்கப்பள்ளி என்று நாற்பது ஆண்டுகள் உழன்றவர்க்கு ஆட்சி என்பது எத்தகைய தன்மையது என்று தெரிந்திருக்கும். ஆகவே அவர் பதவியை மறுத்தது அனுபவம் இன்மையால் அன்று என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கட்சி பிறந்த கதை

டாக்டர் டி.எம். நாயரும் தியாகராயரும் நகராண்மைக் கழகத்தில் எதிரெதிர் அணியில் நின்று மோதியவர்கள். இருவரும் காங்கிரஸ் இயக்கத்தில் இருந்தவர்களே. அவர்களை ஒரே மேடையில் கொண்டு வந்து நிறுத்திய பெருமை டாக்டர் சி. நடேச முதலியாரைச் சாரும். பிராமணர் அல்லாத மாணவர்கள் தங்கிப் பயில விடுதி நடத்தி, அமைதியாகத் தொண்டு செய்துவந்தவர் நடேசர். அவருடைய முயற்சியால் 1916 நவம்பர் 20ஆம் நாள் சென்னையில் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவெடுத்தது. ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திரப் பிரகாசிகா என்று மூன்று நாளேடுகள் அதன் குரலாயின. ஆங்கில ஏட்டின் பெயரே கட்சியின் பெயராகி, தமிழில் நீதிக்கட்சி என வழங்கலாயிற்று. கட்சியின் நாவாக விளங்கிய நாயர் 1919 ஜூலையில் இலண்டனில் மறைந்தார். அதன் பின் பெரும்பொறுப்பு தியாகராயர் தோளில் விழுந்தது. நடேசரின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. அமைச்சரவைப் பேச்சு வரும்போது அப்பெயர் மீண்டும் வரும்.

இரட்டையாட்சி என்னும் ஏற்பாடு

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாண ஆட்சியை இரண்டாகப் பகுத்தது. நிதி, காவல், நீதி, நிலவரி போன்ற வலிமை மிக்க துறைகள் ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் ஒதுக்கப்பட்டன. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், வேளாண்மை, தொழில், கலால் போன்றவை இந்திய அமைச்சர்களிடம் மாற்றித் தரப்பட்டன. பணப்பெட்டியின் சாவி ஒருவரிடம், செலவு செய்யும் கடமை இன்னொருவரிடம் என்று சொன்னால் மாணவர்க்கு எளிதில் விளங்கும். அமைச்சரை நியமிப்பவரும் ஆளுநரே. நீக்க வல்லவரும் அவரே. முதலமைச்சர் என்னும் பதவி சட்டத்தில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. சென்னை ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபு, பெரும்பான்மை பெற்ற கட்சியின் தலைவரை அழைத்து அவர் சொல்லும் மூவரையும் ஒரு குழுவாகவே நடத்தும் மரபைத் தொடங்கிவைத்தார். பிற மாகாணங்கள் பலவற்றில் இவ்வாறு நிகழவில்லை. கட்சி அமைச்சரவை என்பது தமிழகத்தில் இத்துணைத் தொன்மை பெற்றிருப்பதற்கு இதுவே அடிப்படை.

சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர் இடங்கள் 98. அவற்றுள் 28 பிராமணர் அல்லாதார்க்கு ஒதுக்கீடு. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதிகள் 13. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தேர்தல் வழியாக இடம் எதுவும் இல்லை. அவர்தம் சார்பில் ஐவரை அரசே நியமிக்கும். சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கு. 1920 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் தேர்தல் நடந்தது. ஒத்துழையாமை இயக்கத்தை முன்னிட்டுக் காங்கிரஸ் ஒதுங்கி நின்றது. வாக்குரிமை பெற்றிருந்தோருள்ளும் ஏறக்குறையக் கால்பங்கினரே வாக்களித்தனர். நீதிக்கட்சி 63 இடங்களை வென்றது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் தியாகராயர் தலைமையிலிருந்த நகராண்மைக் கழகம் மற்றொரு செயலையும் செய்தது. ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க ஒப்புதல் அளித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1671 ஆயிற்று. கால்பங்கினர் வாக்களித்த தேர்தலைக் காட்டிலும் இந்த ஓர் அணாவே தமிழ்நாட்டின் பிற்கால வரலாற்றில் ஆழமாக வேரோடியது என்பது நம் கருத்து.

மறுப்பு

வெலிங்டன் பிரபு தியாகராயரை அழைத்து அமைச்சரவை அமைக்குமாறு கேட்டார். அவர் ஏற்கவில்லை. கட்சித் தலைவராய் இருப்பவர் பதவியில் அமர்வது தகாது என்பது அவர் சொன்ன காரணம். அப்போது அவருக்கு 68 வயது. முதுமையும் ஒரு காரணமாகலாம். ஆயினும் அதன் பின் நான்காண்டுக்கு மேல் அவர் கட்சியைச் சுறுசுறுப்பாகவே நடத்தினார் என்பதை நோக்க, முதுமையைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. மாதம் நாலாயிரம் ரூபாய்க்கும் மேற்பட்ட ஊதியம் கொண்ட பதவி அது. 1937இல் இராஜாஜியின் அமைச்சர்கள் தங்களுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வரையறுத்துக்கொண்டதை எண்ணிப் பார்த்தால் அத்தொகையின் பெருமை புலப்படும். 1963இல் கட்சிப் பணிக்கென்று முதலமைச்சர் பதவியைத் துறந்த காமராசரோடு தியாகராயரை ஒப்பிடுவோர் உண்டு. ஒப்புமை பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு: காமராசர் ஒன்பதாண்டு ஆண்டபின் விட்டார், தியாகராயர் தொடாமலே விட்டார்.

தமக்கு மாற்றாகத் தியாகராயர் பரிந்துரைத்தது கடலூர்ப் பகுதியின் அ. சுப்பராயலு ரெட்டியாரை. 1920 டிசம்பர் 17ஆம் நாள் அமைச்சரவை பொறுப்பேற்றது. கல்வி முதலியவை ரெட்டியாருக்கும், உள்ளாட்சி பனகல் அரசர் இராமராயநிங்காருக்கும், தொழில் வளர்ச்சி கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவுக்கும் அளிக்கப்பட்டன. மூவரே அமைச்சர். ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இருந்த நால்வருள் இருவர் இந்தியர். அவ்விருவருள் ஒருவர் வேலூர் நகராட்சியில் பொதுவாழ்வைத் தொடங்கிய முகம்மது ஹபீபுல்லா சாகிப். பின்னாளில் வைசிராயின் நிர்வாகக் குழுவிலும், அதன்பின் திருவிதாங்கூர் திவானாகவும் பணியாற்றிய பெருமகனார் அவர். ஆனால் அவர் ஆளுநர் தேர்ந்த உறுப்பினரேயன்றிக் கட்சியின் அமைச்சர் அல்லர். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் சிறிதன்று.

மூவரில் தமிழ்நாட்டுப் பகுதியைச் சார்ந்தவர் ரெட்டியார் ஒருவரே. உடல்நலம் குன்றி 1921 ஜூலை 11ஆம் நாள் அவர் பதவி விலகினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். பனகல் அரசர் முதன்மை அமைச்சரானார். ஒழிந்த இடத்திற்குக் கல்வி அமைச்சராக வந்தவர் ஏ.பி. பாத்ரோ. இவரும் வடகோடித் தெலுங்கு நாட்டு மாவட்டத்தவர். ஆக மூவரும் ஆந்திரப் பகுதியினர் ஆயினர். கட்சியைக் கட்டிய நடேச முதலியார் முன்னும் கருதப்படவில்லை, பின்னும் கருதப்படவில்லை. தமிழ் மாவட்டத்து உறுப்பினரிடையே மனக்குறை புகைந்தது. பிரதிநிதித்துவம் வேண்டும் என்று கேட்டுப் பிறந்த கட்சி, தன் வீட்டுக்குள்ளேயே அக்கேள்வியைச் சந்திக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் தியாகராயரின் நிலையை நடுநிலையோடு ஆராய வேண்டும். அமைச்சரைத் தேர்வதில் அவர் சொல்லுக்கு வலிமை இருந்தது. ஆயின் அமைச்சரவையின் செயலுக்கு மன்றத்தில் எழுந்து விடை சொல்லும் கடப்பாடு அவருக்கு இல்லை. பதவி வேண்டாமை ஒரு பெருந்தன்மை, ஐயமில்லை. எனினும் வெளியே நின்று ஆட்டுவிக்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே இடம் கொடுத்தது. கட்சி ஒரு சிலர் கைக்குள் அடங்கிவிட்டதென்று கட்சியினரே முணுமுணுத்தனர். அவர் தாமே முதன்மை அமைச்சராக அமர்ந்திருந்தால், பிறப்பால் தெலுங்கரும் வாழ்வால் சென்னை நகரத்தவருமாகிய அவரைப் பார்த்து இருதரத்தாரும் ஓரளவு அமைதி அடைந்திருப்பர் என்றே நாம் எண்ணுகிறோம்.

அவ்வமைச்சரவை செய்தவை குறைவல்ல. 1921இல் மகளிர்க்கு வாக்குரிமை வழங்குவதில் இந்திய மாகாணங்களுள் சென்னை முந்தி நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசுப் பணிகளில் எல்லா வகுப்பினர்க்கும் இடம் தரும் முதல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. இவை பரவலாக எழுதப்பட்டவை, விரிக்க வேண்டா.

வடசென்னை மக்கள் மறக்கலாகாத ஒன்று பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம். 1921 ஜூனில் தொடங்கிய அது பல திங்கள் நீடித்தது. வேலைநிறுத்தம் செய்தோர்க்கும் ஆலைக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் இடையே பூசல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. காவல்துறை ஒதுக்கப்பட்ட துறை. அமைச்சர்கள் அதில் விரலை வைக்கவும் உரிமை இல்லை. ஆயினும் பழி கட்சியின் மேல் வந்தது. கட்சியின் முன்னணியினர், அரசு ஆதிதிராவிடர்க்கு மிகுந்த சலுகை காட்டுவதே கலகத்திற்குக் காரணம் என்னும் பொருள்படப் பேசியது அப்பழியை உறுதியாக்கியது. எரிந்த குடிசை யாருடையது என்று எண்ணாமல் பேசிய பேச்சு அது. கட்சியைத் தொடக்கத்திலிருந்து ஆதரித்துவந்த எம்.சி. ராஜா மனம் கசந்து 1923இல் வெளியேறினார். தறித்தொழிலாளர் நடுவே வாழ்ந்த தலைவரின் கட்சி, அண்டையிலுள்ள ஆலைத்தொழிலாளரை இழந்தது. தலைவர் என்ற முறையில் தியாகராயர் இப்பொறுப்பிலிருந்து நீங்க இயலாது.

1923ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சியின் வலிமை குறைந்தது. பனகல் அரசரே மீண்டும் அமைச்சரவை அமைத்தார். இம்முறை தமிழ் மாவட்டத்தாரின் குறையைத் தீர்க்க வெங்கட ரெட்டி நாயுடுவை விடுத்துத் தி.நெ. சிவஞானம் பிள்ளையைச் சேர்த்தனர். ஓர் ஓட்டையை அடைக்க, வேறோர் ஓட்டை திறந்தது. அதிருப்தியுற்ற சி.ஆர். ரெட்டி பிரிந்து சென்று, நவம்பர் 27ஆம் நாள் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியச் சட்டமன்றங்களில் இத்தகைய தீர்மானம் வந்தது அதுவே முதன்முறை. மறுநாள் வாக்கெடுப்பில் 44க்கு 65 என்ற கணக்கில் அது தோற்றது. அரசு நியமன உறுப்பினரின் ஆதரவும் அமைச்சரவையைக் காப்பாற்றியது என்பது வெளிப்படை. மக்கள் வாக்கால் வந்த ஆட்சி நியமன உறுப்பினரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காட்சியைக் கண்டு கட்சித் தலைவர் மகிழ்ந்திருக்க முடியாது.

தியாகராயர் 1925 ஏப்ரல் 28ஆம் நாள், 73 வயது நிறைந்த மறுநாள், மறைந்தார். அதே ஏப்ரலில்தான் நகராண்மைப் பள்ளிகளின் சிற்றுண்டியும் நின்றது. தொடக்கக்கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்யலாகாது என்று அரசு தடுத்துவிட்டது. கல்வி அமைச்சர் அவர் கட்சிக்காரர். அமைச்சரவை அவர் நிறுவியது. ஆயினும் ஓர் அணாவைக் காக்க முடியவில்லை! இரட்டையாட்சியின் இயல்பை எத்தனை நூல் எழுதி விளக்கினாலும் இதனினும் தெளிவாக விளக்க இயலாது. அவ்வுணவு பின்னர்ப் பல உருவில் மீண்டு வந்து காமராசர் காலத்தில் மாநிலம் முழுதும் பரவியது, நாடறிந்த வரலாறு.

1920இல் மூவர் கொண்ட அமைச்சரவையில் இடம்பெறாதிருந்தவர்கள் இடம்பெற எத்துணைக் காலம் ஆயிற்று? இரட்டையாட்சி நிலவிய பதினாறு ஆண்டுகளில் சென்னை மாகாண அமைச்சராக ஒரு முஸ்லிமோ ஓர் ஆதிதிராவிடரோ அமரவில்லை. ஹபீபுல்லாவுக்குப் பின் முகம்மது உஸ்மான் நிர்வாகக் குழுவில் அமர்ந்தார். 1934இல் ஆளுநராகப் பொறுப்பும் வகித்தார். நீதிக்கட்சியின் முன்னணியில் நின்ற அவர்க்கும் அமைச்சர் இருக்கை வாய்க்கவில்லை. 1937 ஏப்ரலில் அமைந்த இடைக்கால அமைச்சரவையிலேதான் கலிபுல்லா சாகிபும் எம்.சி. ராஜாவும் அமைச்சர்களாயினர். அவ்வமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர், 1920இல் தியாகராயர் காலத்து மூவருள் ஒருவராகப் புகுந்து 1923இல் விடப்பட்ட அதே கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு! அது மூன்று திங்களுக்குச் சற்று மேலேயே நின்றது. அவ்வாண்டு ஜூலையில் வந்த இராஜாஜியின் அமைச்சரவையில் யாகூப் அசன் சேட் இடம்பெற்றார்.

தியாகராயரின் சிலை ரிப்பன் மாளிகை வளாகத்தில் நிற்கிறது. நெடுங்குளத்தைத் தூர்த்து 1920களில் எழுந்த புதிய நகருக்குத் தியாகராய நகர் என்று பெயர் சூட்டினர். அமைச்சரான பனகல் அரசர் பெயரில் அங்கே ஒரு பூங்கா. நிர்வாகக் குழுவில் இருந்த ஹபீபுல்லா, உஸ்மான் பெயர்களில் சாலைகள். எந்த அமைச்சரவையிலும் இடம்பெறாத நடேசர் பெயரிலும் ஒரு பூங்கா. அந்நகருக்குச் செல்லும் மாணவர் அப்பெயர்ப்பலகைகளை ஒருமுறை நின்று வாசிப்பாராக. எம்.சி. ராஜாவின் பெயரைத் தேட வேண்டுமானால் அவர் சைதாப்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மாணவர் விடுதி அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.